பன்றி எங்கிருந்து வந்தது? ஒரு பதிவேடு காக்கும் உயிர்கள்



இன்றைய தலைப்பைக் கேட்டதும் சிலருக்கு முகம் சுளிக்கத் தோன்றலாம். பன்றி இறைச்சி உண்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பழக்கத்தால் தொடாதவர்கள் இருக்கிறார்கள். சமயக் கட்டளையால் விலக்கியவர்களும் இருக்கிறார்கள். உண்ணலாமா, கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. ஒரு விலங்கை வளர்க்கும் முறையில் கோளாறு நேர்ந்தால், அதைத் தட்டில் வைத்துச் சாப்பிடுபவரைவிட அதற்குத் தீனி போடுபவருக்கும் அதை லாரியில் ஏற்றுபவருக்கும்தான் முதலில் ஆபத்து வருகிறது. இதை நம் நாட்டு அனுபவத்திலிருந்தே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

பன்றி வளர்ப்புத் தொழிலில் இன்று மூன்று சொற்கள் அடிக்கடி பேசப்படுகின்றன. முதலாவது, விலங்குப் பராமரிப்பு. இரண்டாவது, தர உறுதி. மூன்றாவது, தடமறிதல். தடமறிதல் என்ற சொல் 2020ஆம் ஆண்டில் கொவிட்-19 பரவியபோது நமக்கெல்லாம் பழகிவிட்டது. நோயாளி எங்கே போனார், யாரைச் சந்தித்தார் என்று தேடிப் பிடித்தார்களே, அதுதான். அதையே பன்றிக்குச் செய்வது எப்படி, ஏன் என்பதுதான் நம் பேச்சு.

கொசு என்று நினைத்தார்கள்

1998ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் பேராக் மாநிலத்தின் கிந்தா வட்டாரத்தில், ஈப்போ நகரை ஒட்டிய பகுதிகளில், சிலர் கடும் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். தலைவலி, மயக்கம், பிறகு சுயநினைவு இழத்தல். சிலர் இறந்தும் போனார்கள். மூளைக் காய்ச்சல் என்பது தெரிந்தது. பன்றிப் பண்ணை இருக்கும் இடத்தில் மூளைக் காய்ச்சல் வந்தால் எல்லாரும் முதலில் நினைப்பது ஜப்பானிய மூளைக் காய்ச்சலைத்தான். அந்த நோய்க்கிருமி பன்றியின் உடலில் பெருகும். பன்றியைக் கடித்த கொசு மனிதனைக் கடித்தால் நோய் தொற்றும். ஆகவே கொசுப் புகை அடித்தார்கள். மனிதர்களுக்கும் பன்றிகளுக்கும் அந்த நோய்க்கான தடுப்பூசி போட்டார்கள்.

ஆனால் சில விஷயங்கள் பொருந்தவில்லை. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கே படுக்கையில் கிடந்தவர்கள் உழைக்கும் வயது ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயில் விழுந்தார்கள். கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. ஆனால் பன்றியோடு பழகாத அக்கம்பக்கத்தாருக்கு நோய் வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பன்றிகளே இருமிக்கொண்டிருந்தன. நாய் குரைப்பதுபோன்ற உரத்த இருமல். பண்ணையிலிருந்து வெகுதூரம் வரை கேட்கும் அளவுக்கு இருமல். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் கிருமி வளர்ந்த பன்றியை அப்படி இரும வைப்பதில்லை.

பன்றிகளின் இருமலை ஏன் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை? காரணம் எளிது. நோய் கண்ட பன்றிகளில் இறந்தவை குறைவு, நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. பண்ணைக்காரர் கணக்கில் அது பெரிய நட்டமில்லை. பன்றி இருமும், பிறகு தேறிவிடும், சந்தைக்குப் போய்விடும். விலங்கு செத்தால்தான் நோய், இருமினால் ஒன்றுமில்லை என்ற எண்ணம்தான் பல மாதங்களை விழுங்கியது.

லாரியில் ஏறிய கிருமி

பேராக்கில் நோய் பரவியதும் விலை விழுந்தது. கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று பலர் பன்றிகளை விற்றார்கள். அந்தப் பன்றிகள் லாரிகளில் தெற்கே வந்தன. ஆண்டு முடிவதற்குள் நெகிரி செம்பிலானில் சிரம்பானை அடுத்த சிக்காமாட்டில் நோயாளிகள் தோன்றினார்கள். அடுத்துப் போர்ட்டிக்சன் வட்டாரத்தின் புக்கிட் பெலாண்டோக் பகுதி. அன்று நாட்டின் பெரிய பன்றி வளர்ப்புப் பகுதிகளில் அதுவும் ஒன்று. மிக அதிகமான உயிர்ச்சேதம் அங்கேதான் நேர்ந்தது.

1999ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங், ஒரு நோயாளியின் மாதிரியிலிருந்து இதுவரை யாரும் அறியாத ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். அதை அமெரிக்காவில் உள்ள ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் உறுதிசெய்தார்கள். அந்த நோயாளியின் ஊர் கம்போங் சுங்கை நிப்பா. ஊரின் பெயரே கிருமியின் பெயராகி, உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்றுவிட்டது.

அந்த நோய் கண்ட 94 பேரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களில் 93 விழுக்காட்டினர் பன்றிகளோடு நேரடித் தொடர்பு உடையவர்கள் என்று கண்டார்கள். கொசுவுக்கு இதில் பங்கில்லை. பன்றியின் எச்சில், மூக்குச்சளி, சிறுநீர் ஆகியவற்றின் வழியாகவே கிருமி தொற்றியது. மலேசியாவில் மொத்தம் 265 பேருக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. 105 பேர் மாண்டனர். பெரும்பாலோர் சீனர்கள். பண்ணைகளில் கூலி வேலை செய்த இந்தியர்களும் நோயாளிகள் பட்டியலில் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கக்கூடாது.

நோயை ஒழிக்க இராணுவத்தை இறக்கினார்கள். 1999 பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் இறுதிக்குள் ஏறத்தாழ 900 பண்ணைகளில் 9 இலட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. பிறகு நடந்த சோதனைகளில் சிக்கியவற்றையும் சேர்த்தால் 1.1 மில்லியன் ஆகும். பரம்பரையாகத் தொழில் செய்த குடும்பங்கள் ஒரே மாதத்தில் கையேந்தும் நிலைக்கு வந்தன.

சிங்கப்பூருக்கும் வந்தது

சிங்கப்பூரில் பன்றிப் பண்ணைகளே இல்லை. ஒரு காலத்தில் பொங்கோலில் ஏராளமாக இருந்தன. நிலப் பற்றாக்குறையையும் நீர் மாசையும் கருதி, அவற்றைப் படிப்படியாக மூடிவிட அரசாங்கம் 1984இல் முடிவெடுத்தது. 1990ஆம் ஆண்டுக்குள் அவை மறைந்தன. அதன்பின் உயிருள்ள பன்றிகள் வெளியிலிருந்து வந்தன.

பண்ணையே இல்லாத அந்த ஊரில்தான் 1999 மார்ச்சில் அறுப்புக் கூட ஊழியர்கள் 11 பேர் நோயுற்றார்கள். ஒருவர் இறந்தார். மலேசியாவிலிருந்து வந்த பன்றிகளைக் கையாண்டதே காரணம் என்று தெரிந்ததும் இறக்குமதியை உடனே நிறுத்தினார்கள். ஈப்போவின் புறநகரில் ஒரு கொட்டகையில் தொடங்கிய இருமல், சில மாதங்களில் இரண்டு மாநிலங்களையும் ஒரு நாட்டின் எல்லையையும் தாண்டிவிட்டது. பன்றி நடந்து போகவில்லை. நாம்தான் ஏற்றி அனுப்பினோம்.

வேர் எங்கே இருந்தது?

பின்னாளில் ஆய்வாளர்கள் நோயின் வேரைத் தேடிப் போனார்கள். ஈப்போவுக்கு அருகே 30,000க்கும் அதிகமான பன்றிகள் இருந்த ஒரு பெரிய பண்ணையில் தேடல் முடிந்தது. பண்ணையைச் சுற்றி மாமரங்கள். மாம்பழம் தின்ன வந்தவை பழந்தின்னி வௌவால்கள். நிப்பா கிருமியின் இயற்கை இருப்பிடமே அந்த வௌவால்தான். அதற்கு நோய் வருவதில்லை. அது கடித்துப் போட்ட பழம் கொட்டகைக்குள் விழுந்தால் பன்றி தின்னும்.

2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. கிருமி அந்தப் பண்ணைக்குள் ஒருமுறை மட்டும் நுழையவில்லை. முதலில் நுழைந்தபோது வேகமாகப் பரவி ஓய்ந்தது. எதிர்ப்புச் சக்தி பெற்ற பன்றிகளும் புதிதாகப் பிறந்த குட்டிகளும் கலந்திருந்த நிலையில் மறுபடி நுழைந்தபோது, அணையாத கங்குபோல நீண்ட நாள் தங்கிவிட்டது. அங்கிருந்து மற்றப் பண்ணைகளுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பழைய இரத்த மாதிரிகளையும் குறிப்புகளையும் பார்த்தபோது, 1997 ஜனவரியிலேயே ஒருவருக்கு இந்நோய் வந்திருந்ததும் தெரியவந்தது.

மாமரத்தைக் கொட்டகைக்கு அப்பால் நட்டிருந்தால்? இருமும் பன்றியைத் தனியே பிரித்துக் கால்நடை மருத்துவரை அழைத்திருந்தால்? எந்தப் பண்ணையிலிருந்து எந்தப் பண்ணைக்கு எத்தனை பன்றிகள் போயின என்று ஒரே இடத்தில் எழுதி வைத்திருந்தால்? முதலாவது தர உறுதி. இரண்டாவது பராமரிப்பு. மூன்றாவது தடமறிதல். மூன்றும் காகிதத்தில் எழுதும் பெரிய வார்த்தைகளாகத் தோன்றலாம். அந்த 105 குடும்பங்களுக்கு அப்படித் தோன்றாது.

தடமறிதல் எப்படி நடக்கிறது?

முதல் படி, பண்ணைக்கு ஓர் எண். எங்கே இருக்கிறது, யாருடையது, எத்தனை பன்றிகள் என்ற விவரம் அதிகாரிகளின் பதிவேட்டில் இருக்க வேண்டும். இரண்டாவது, பன்றிக்கு ஓர் அடையாளம். இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் தாய்ப்பன்றிக்குக் காதில் எண் பட்டை மாட்டுவார்கள். இறைச்சிக்குப் போகும் பன்றி ஐந்தாறு மாதத்தில் பண்ணையை விட்டுப் போய்விடும். அதற்குத் தோளில் பண்ணையின் எண்ணைப் பச்சை குத்துவார்கள். அறுத்த பிறகும் அந்த எண் தோலில் தெரியும்.

மூன்றாவது படிதான் முக்கியமானது. பன்றி இடம் மாறும் ஒவ்வொரு முறையும் சீட்டு எழுத வேண்டும். எங்கிருந்து, எங்கே, எந்த நாள், எத்தனை, எந்த வாகனம். கனடா நாட்டில் 2014 ஜூலை முதல் இது சட்டம். பன்றிகளை இடம் மாற்றினால் ஏழு நாட்களுக்குள் தேசியப் பதிவேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இந்தச் சீட்டு இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. அறுப்புக் கூடத்தில் நோயுற்ற பன்றி ஒன்று தென்பட்டால், பின்னோக்கிப் போய் அது வந்த பண்ணையைப் பிடிக்கலாம். பண்ணையில் நோய் கண்டால், முன்னோக்கிப் போய் அங்கிருந்து விற்ற பன்றிகளெல்லாம் எங்கே என்று தேடலாம். பின்னோக்கிப் பார்ப்பது காரணத்தைக் காட்டும். முன்னோக்கிப் பார்ப்பது உயிரைக் காக்கும்.

2001ஆம் ஆண்டு பிரிட்டனில் கோமாரி நோய் வந்தது. பிப்ரவரி 19ஆம் தேதி தெற்கே எஸ்ஸெக்ஸ் வட்டாரத்து அறுப்புக் கூடத்தில் பன்றிகளுக்கு நோய் இருப்பதைக் கண்டார்கள். பன்றிகள் வந்த வழியைத் திருப்பிப் பார்த்து, சில நாட்களிலேயே வடகோடியில் நார்தம்பர்லண்ட் வட்டாரத்துப் பண்ணை ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சரியாக வேக வைக்காத உணவுக் கழிவை அங்கே பன்றிகளுக்குப் போட்டிருந்தார்கள். நோய் கண்டதையும் பண்ணைக்காரர் தெரிவிக்கவில்லை. பன்றி வந்த தடம் கிடைத்தது. ஆனால் அதற்குள் பக்கத்துச் செம்மறி ஆடுகளுக்கு நோய் தொற்றி, அவை சந்தை வழியாக நாடெங்கும் போய்விட்டன. ஆடுகளின் தடம் அவ்வளவு தெளிவாக இல்லை. ஆறு மில்லியனுக்கும் அதிகமான கால்நடைகளைக் கொன்ற பிறகே நோய் அடங்கியது. உணவுக் கழிவைப் பன்றிக்குப் போடுவதற்கு அந்நாடு அதே ஆண்டு தடை விதித்தது.

நம் ஊர்களிலும் ஒரு காலத்தில் வீடு வீடாக வந்து மிச்சச் சோற்றை வாளியில் வாங்கிப் போவார்கள். பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சிக்கனமான பழக்கம்தான். ஆனால் அந்த வாளியில் நோயுற்ற இறைச்சியின் துண்டு இருந்தால், அது அடுத்த பண்ணைக்கு நோயைக் கொண்டுபோகும் வாகனம் ஆகிவிடுகிறது.

பராமரிப்பு என்பது இரக்கம் மட்டுமா?

இரக்கமும்தான். அதோடு கணக்கும்கூட. பன்றிக்கு வியர்வை சரியாகச் சுரக்காது. அதனால்தான் சேற்றில் புரண்டு உடலைக் குளிர்விக்கிறது. நாம் அதை அழுக்கு விலங்கு என்று திட்டுகிறோம். நம் வெயிலில் தண்ணீர் தெளிப்பும் காற்றோட்டமும் இல்லாமல் நெருக்கி அடைத்தால் அது தீனி எடுக்காது, நோய்க்கு இலக்காகும். பன்றி அறிவுள்ள விலங்கு. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் வெறும் சிமெண்டுத் தரையில் அடைத்து வைத்தால் ஒன்றன் வாலை ஒன்று கடிக்கும். அந்தப் புண்ணில் சீழ் பிடித்தால் மருந்துச் செலவு.

பிரிட்டனில் 1979இல் வகுத்த ஐந்து கோட்பாடுகளை உலகம் முழுவதும் அளவுகோலாகக் கொள்கிறார்கள். பசி தாகம் இல்லாமை, வசதிக்குறைவு இல்லாமை, வலி நோய் இல்லாமை, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு, அச்சமில்லாமை ஆகியவையே அவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 ஜனவரி முதல், சினைப்பன்றியைத் திரும்பக்கூட முடியாத தனிக் கூண்டில் சினைக்காலம் முழுவதும் அடைத்து வைக்கக்கூடாது.

இறைச்சி வாங்குபவருக்கும் இதில் சம்பந்தம் உண்டு. அறுப்பதற்கு முன் பன்றியை அடித்து விரட்டி, மிரள வைத்தால் அதன் தசையில் அமிலம் சட்டென்று ஏறிவிடும். இறைச்சி வெளுத்து, கொழகொழவென்று நீர் வடியும். ஓய்வும் தண்ணீரும் கொடுத்து அமைதியாக வைத்திருந்த பன்றியின் இறைச்சி அப்படி இருக்காது. விலங்கு பட்ட அவதி கடைசியில் தராசிலும் தெரிந்துவிடுகிறது.

தர உறுதி எதை உறுதி செய்கிறது?

தர உறுதி என்பது, நான் நன்றாகத்தான் வளர்க்கிறேன் என்று பண்ணைக்காரர் சொல்வதை வெளியார் ஒருவர் வந்து சரிபார்ப்பது. மலேசியாவில் பயிர், கால்நடை, மீன் வளர்ப்புக்குத் தனித்தனியாக இருந்த சான்றிதழ்த் திட்டங்கள் 2013இல் மைகேப் என்ற ஒரே பெயரின்கீழ் வந்தன. கால்நடைப் பண்ணைகளைக் கால்நடைச் சேவைத் துறை பார்வையிடுகிறது.

நல்ல பண்ணையில் அதிகாரி எதையெல்லாம் பார்ப்பார்? உள்ளே வரும் வாகனத்தின் சக்கரம் கழுவப்படுகிறதா? புதிதாக வாங்கிய பன்றியைச் சில வாரம் தனியே வைக்கிறார்களா? ஒரே ஊசியைப் பல பன்றிகளுக்குப் போடுகிறார்களா? நிப்பா பரவியதில் பொது ஊசிக்கும் பங்கிருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுகிறது. கொட்டகையை ஒட்டிப் பழமரம் இருக்கிறதா? மருந்துப் புத்தகம் இருக்கிறதா? கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தால், அது உடலைவிட்டு நீங்கும் நாள்வரை அந்தப் பன்றியை விற்கக்கூடாது. எந்த நாள் ஊசி போட்டோம் என்று எழுதாத இடத்தில், எந்த நாள் விற்கலாம் என்று யாரும் சொல்ல முடியாது.

பதிவேடு வேலை செய்த ஒரு நாள்

கெட்டதையே சொன்னேன். நல்லதையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூருக்கு இந்தோனேசியாவின் புலாவ் புலான் தீவிலிருந்து நீண்ட காலம் பன்றிகள் வந்துகொண்டிருந்தன. நாட்டின் மொத்தப் பன்றி இறைச்சியில் சுமார் 15 விழுக்காடு அங்கிருந்தே வந்தது. 2023 ஏப்ரலில், அறுப்புக் கூடத்தில் நடந்த வழக்கமான கண்காணிப்புச் சோதனையில், அந்தப் பன்றிகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இருப்பது தெரிந்தது. அந்த நோய் மனிதரைத் தொற்றாது. ஆனால் பன்றிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லும். எந்தப் பண்ணையின் பன்றிகள் என்பது தெரிந்திருந்ததால், அந்த ஓர் இடத்து இறக்குமதியை மட்டும் உடனே நிறுத்த முடிந்தது. சரவாக்கிலிருந்து வந்த பன்றிகள் தொடர்ந்து வந்தன. 1999ஐயும் 2023ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோய் வேறு, தொற்றும் முறையும் வேறு. ஆனால் அன்று ஊழியர்கள் நோயில் விழுந்த பிறகு விஷயம் தெரிந்தது. இன்று வழக்கமான சோதனையே காட்டிக்கொடுத்தது.

இதே நோய் 2021 பிப்ரவரியில் சபாவில் தென்பட்டது. பண்ணைப் பன்றிகளோடு காட்டுப் பன்றிகளும் மடிந்தன. காட்டுப் பன்றிக்குக் காதில் எண் கிடையாது. அதை வேட்டையாடி உண்ணும் பூர்வகுடிகளுக்கு ஈடு கொடுக்கப் பதிவேடும் கிடையாது. எந்த ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை இருக்கிறது என்பதையும் நாம் உணர வேண்டும்.

நேயர்கள் கேட்கும் கேள்விகள்

நிப்பா முடிந்துபோன கதைதானே? மலேசியாவில் 1999க்குப் பிறகு மனிதருக்கு வரவில்லை. ஆனால் வங்காளதேசத்தில் 2001 முதலும், கேரளாவில் 2018 முதலும் மீண்டும் மீண்டும் தலைகாட்டியிருக்கிறது. அங்கே பன்றிக்குப் பங்கில்லை. வங்காளதேசத்தில் வௌவால் வாய்வைத்த ஈச்சம்பதநீர் வழியாகவும், இரு இடங்களிலும் மனிதரிடமிருந்து மனிதருக்கும் தொற்றியது. மனிதர்களுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இன்னும் இல்லை. வௌவால்கள் நம் காடுகளிலும் இருக்கின்றன.

இதற்கெல்லாம் செலவு ஆகாதா? ஆகும். சிறு பண்ணைக்காரருக்குப் பாரம்தான். அந்தப் பாரத்தில் அரசாங்கம் பங்கெடுக்க வேண்டும். குறிப்பாக, நோயைத் தானாக முன்வந்து தெரிவிப்பவருக்கு நியாயமான இழப்பீடு கிடைக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். இல்லாவிட்டால் அவர் தெரிவிக்கமாட்டார். இரவோடு இரவாக லாரியில் ஏற்றிவிடுவார். பேராக்கில் பன்றிகள் தெற்கே வந்தது அந்தப் பயத்தால்தான்.

நாம் என்ன செய்யலாம்? உண்பவர்கள், இறைச்சி எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அவர் மேலே கேட்பார். வெளிநாட்டிலிருந்து வரும்போது பன்றி இறைச்சிப் பொட்டலங்களைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். பண்ணையிலோ அறுப்புக் கூடத்திலோ உங்கள் பிள்ளை வேலை செய்தால், கையுறையும் முகக்கவசமும் கொடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். காய்ச்சலென்று மருத்துவரிடம் போனால், என்ன வேலை செய்கிறேன் என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை மருத்துவருக்குப் பாதி வழியைக் காட்டிவிடும்.

உண்ணாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இது நம் தட்டுக்கு வராத விஷயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கொட்டகையில் தண்ணீர் அடிப்பவரும், லாரியிலிருந்து இறக்குபவரும், கத்தி பிடிப்பவரும் யாரோ ஒரு வீட்டின் சம்பாத்தியக்காரர்கள். அவர்கள் மாலையில் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டுமானால், காலையில் இருமிய பன்றியை யாராவது கவனித்து, ஒரு வரி எழுதி வைத்திருக்க வேண்டும்.